சங்கிலி ஃப்ளஷ் டேங்க் ஒழுகினால்: பூசுவதா, ரப்பர் கோனா, புதுத் தொட்டியா, பேனையே பெயர்ப்பதா?

தலைக்கு மேல் வார்ப்பிரும்புத் தொட்டி, இழுக்க ஒரு சங்கிலி, கீழே தரையோடு பதித்த இந்தியன் பேன் (குந்தி உட்காரும் பீங்கான்). ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளிலும் குவார்ட்டர்ஸ்களிலும் இந்த அமைப்பு இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. தொட்டி லேசில் கெடுவதில்லை. கெடுவதெல்லாம் இணைப்புகள்தான்.

பேனுக்குப் பின்னால் ஈரம், கீழ்வீட்டுச் சீலிங்கில் கறை என்று ஆள் கூப்பிட்டால் ஒருவர் பையிலிருந்து எம்-சீல் (பிசைந்து ஒட்டும் எபாக்சிக் களிம்பு) பாக்கெட்டை எடுக்கிறார். அடுத்து வருபவர் "மொத்தமா உடைச்சுத்தான் சார் ஆகணும்" என்கிறார். இருவர் சொல்வதும் சில வீடுகளுக்குப் பொருந்தும். உங்கள் வீட்டுக்கு எது என்பது, தண்ணீர் எந்த இணைப்பில் வெளியேறுகிறது என்பதைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடிக்காமல் கொடுக்கும் கூலியில் பாதி வீண்.

## ஒழுகக்கூடிய நான்கு இடங்கள்

ஒன்று, தொட்டியின் அடியில் ஃப்ளஷ் பைப் சேரும் நட்டு. இரண்டு, அந்தப் பைப் பேனின் பின்வாயில் நுழையும் இடம். மூன்று, பேனின் அடிப்பகுதி ட்ராப்பில் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைகுழாய்) உட்காரும் இடம். நான்கு, ட்ராப் வெளியே போகும் மலக்குழாயோடு சேரும் இடம். முதல் இரண்டும் ஃப்ளஷ் பக்கம். சங்கிலி இழுத்தால்தான் அங்கே தண்ணீர் வரும். மற்ற இரண்டிலும் வாளியில் ஊற்றினாலும் ஒழுகும். சோதனை முழுக்க இந்த வேறுபாட்டை நம்பித்தான்.

தொட்டிக்கு வரும் தண்ணீரை அடைத்து, தொட்டியைக் காலி செய்துவிட்டு, மூன்று நாள் வாளித் தண்ணீர் மட்டும் ஊற்றிப் பயன்படுத்துங்கள். ஈரம் குறைய ஆரம்பித்தால் கோளாறு ஃப்ளஷ் பக்கம். குறையவே இல்லையென்றால் ட்ராப் பக்கம், அல்லது பக்கத்துக் குளியல் தரை, அல்லது சுவருக்குள் ஓடும் குழாய். செலவே இல்லாத சோதனை இது. இருந்தும் பலர் செய்வதில்லை, மூன்று நாள் பொறுமை வேண்டுமே!

ஃப்ளஷ் பக்கம்தான் என்று தெரிந்தபின், பைப்பின் நடு உயரத்தில் செய்தித்தாள் துண்டு ஒன்றைச் சுற்றி நூலால் கட்டுங்கள். இன்னொன்றைப் பேனின் வாயருகே கட்டுங்கள். ஐந்து முறை சங்கிலி இழுத்த பிறகு மேல் தாள் நனைந்திருந்தால் தண்ணீர் மேல் நட்டிலிருந்து வழிந்து வருகிறது. அது பைப்பின் வெளிப்புறமாகவே இறங்கிக் கீழே சேர்வதால், கீழ் இணைப்பு ஒழுகுவதுபோலத் தோன்றும். இதை நம்பிக் கீழே உடைத்துப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு.

துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தொட்டியில் கலந்து ஊற்றிப் பார்ப்பதும் வழக்கம். பேனுக்குப் பின்னால் நீலம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் மாடியில், செங்கல் ஜல்லி நிரப்பிய சங்கன் ஸ்லாப் (கழிப்பறைக்காகத் தாழ்த்திப் போட்ட தளம்) இருந்தால் நிறம் ஜல்லியிலேயே தங்கிவிடலாம். கீழ்ச் சீலிங்கில் நீலம் வரவில்லை என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இரவு கடைசிப் பயன்பாட்டுக்குப் பின் ட்ராப்பில் நிற்கும் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பார்ப்பதும் உதவும். ஒரு விரற்கடை இறங்கியிருந்தால் ட்ராப்பிலேயே விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். மட்டம் அப்படியே நின்றால் ட்ராப் உடம்பு நல்லது என்றுதான் பொருள். அதற்கு மேலே இருக்கும் பேன் இணைப்பைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லாது.

## எதை வைத்து எடைபோடுவது

அளவுகோல்கள் ஐந்து. ஒழுகுமிடம் எது. அந்த இணைப்பு அசைகிறதா. அதைத் தொட எவ்வளவு உடைக்க வேண்டும். எத்தனை நாள் கழிப்பறை இல்லாமல் சமாளிக்க முடியும் (வீட்டில் ஒரே கழிப்பறை, வயதானவர்கள் என்றால் மற்ற நான்கையும் இது தூக்கிச் சாப்பிட்டுவிடும்). கடைசியாக, இப்போது செய்யும் வேலை அடுத்த பழுதைச் சுலபமாக்குமா, கடினமாக்குமா.

இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தொட்டிக்கும் பேனுக்கும் உயர வித்தியாசம் சுமார் 2 மீட்டர். அதனால் வரும் நீரழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 கிலோதான், அதுவும் சில விநாடிகளுக்கு மட்டும். அந்த இணைப்புக்குப் பலம் தேவையே இல்லை. தேவைப்படுவது நெளிவு. சங்கிலியை இழுக்கும் ஒவ்வொரு முறையும் தொட்டி குலுங்குகிறது, தொட்டியோடு பைப் குலுங்குகிறது, பைப்பின் கீழ்முனை பீங்கானுக்குள் அசைகிறது. அந்தக் காலத்தில் இந்த இடத்தைச் சணலும் வெள்ளை ஈயப் புட்டியும் வைத்து அடைத்தார்கள். புட்டி இளகலாக இருந்தவரை தாங்கியது. பிறகு வந்தவர்கள் சிமெண்ட் வைத்தார்கள். இரும்பும் பீங்கானும் சிமெண்டில் இறுகிவிட, அசைவு எங்காவது விரிசலாகத்தான் வெளிப்பட வேண்டும். போதாததற்கு சிமெண்டுக்குள் இருக்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் துருப்பிடித்துப் பருக்கும். கடைசியில் பேனின் வாயே தெறிக்கும்.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். தொட்டியின் பிராக்கெட் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் இறுக்குங்கள். பேனுக்கு மேலே ஒரு அடிக்குள் பைப்பைச் சுவரோடு ஒரு கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள்.

## மேல் நட்டு மட்டும் என்றால்

இதற்கு ஒப்பீடே வேண்டாம். நட்டைக் கழற்றி, வாஷரை மாற்றி, மரையில் சணலும் பேஸ்ட்டும் அல்லது டெஃப்லான் டேப்பும் சுற்றி இறுக்கினால் முடிந்தது. பழைய வார்ப்பிரும்பு நொறுங்கும் தன்மை கொண்டது. பைப் ரெஞ்சில் முழு பலத்தையும் காட்டினால் தொட்டியின் அடிவாய் பிளந்துவிடும், பிறகு புதுத் தொட்டிதான்.

## வழி 1: மேலே பூசுவது

எம்-சீல் போன்ற எபாக்சி, புட்டி, வெள்ளை சிமெண்ட் எல்லாம் இதில் அடக்கம். பொருளுக்குச் சில பத்து ரூபாய், வேலை அரை மணி நேரம், உடைப்பு கிடையாது. வாடகை வீட்டில், ஊருக்குப் போகும் முந்தைய நாளில், இதைவிட நல்ல வழி இல்லை.

சரியாகச் செய்தால் சில மாதங்கள் வரும். சரியாக என்றால் முந்தைய நாளே தொட்டியை அடைத்து இணைப்பை உலரவிட வேண்டும். பழைய பூச்சையும் உப்புப் படிவையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். பைப்பையும் பீங்கானையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்க வேண்டும். இரண்டு நிறக் களிம்பும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து, ஒரு வளையமாக அழுத்தி, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டிய எம்-சீல் ஒரு வாரத்தில் ஓடுபோலக் கழன்று வரும்.

மறைசெலவு அடுத்த முறை தெரியும். இறுகிய எபாக்சியைப் பீங்கானிலிருந்து எடுக்கும்போது வாய் உடைய வாய்ப்பு அதிகம். வாய் உடைந்தால் பேனை மாற்ற வேண்டும், பேனை மாற்றத் தரையை உடைக்க வேண்டும். மூன்றாவது முறையாக அதே இடத்தில் பூசப் போகிறீர்கள் என்றால் நிறுத்திவிடுங்கள். அந்த இணைப்பு அசைகிறது, பூச்சு அதைப் பிடித்து நிறுத்தாது.

அசையாத இடத்தில் இதே எபாக்சி நன்றாகவே உழைக்கும். தொட்டியின் பக்கவாட்டில் முடியளவு விரிசல், சுவரில் இறுகப் பிடித்த குழாயில் ஊசித்துளை, இவற்றுக்குப் பூசலாம்.

## வழி 2: ரப்பர் கோன்

பைப் முனையில் மாட்டிப் பேனின் வாய்க்குள் செருகும் கூம்பு ஒரு வகை. பைப்பையும் வாயையும் வெளிப்புறமாகக் காலுறைபோல் மூடி, இரு முனையிலும் கிளிப் போடும் வகை இன்னொன்று. பெயர் கடைக்குக் கடை மாறும் என்பதால் அளவைக் கையில் எடுத்துக்கொண்டு போவதே நல்லது. மூன்று அளவுகள் வேண்டும்: பைப்பின் வெளிவிட்டம், பேன் வாயின் உள்விட்டம், வெளிவிட்டம்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பழைய ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் சுமார் 42 மி.மீ. கடையில் "40 பைப்" என்று தரும் பி.வி.சி.யின் வெளிவிட்டம் 40 மி.மீ. ஒன்றுக்கு வாங்கிய கோன் மற்றொன்றில் சற்றுத் தளர்வாகவோ இறுக்கமாகவோ உட்காரும். 2 மி.மீ.தானே என்று டேப் சுற்றிச் சமாளித்தால் அங்கேயே ஒழுகும்.

பழைய சிமெண்ட் இணைப்பைப் பிரிப்பதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. சுத்தியல், உளி இரண்டையும் தூர வையுங்கள். பேன் வாய்க்கு மேலே நான்கு அங்குலம் விட்டுப் பைப்பை ஆக்ஸா பிளேடால் அறுத்து மேல் பகுதியை அகற்றுங்கள். வாய்க்குள் மாட்டியிருக்கும் துண்டின் உட்புறமாக வெறும் பிளேடை விட்டு, நீளவாக்கில் இரண்டு வெட்டு, ஒரு அங்குல இடைவெளியில். பீங்கானைத் தொடும்முன் நிறுத்த வேண்டும். அந்தக் கீற்றைக் குறட்டால் உள்பக்கம் மடக்கி இழுத்தால் துண்டு சுருங்கி வெளியே வரும். பிறகு பீங்கான் வாயில் ஒட்டிய சிமெண்டைச் சிறிது சிறிதாகச் சுரண்டலாம். ஆசிட் ஊற்றி இளக்கும் குறுக்குவழி உண்டு. அந்த ஆசிட் நேரே ட்ராப்புக்கு இறங்கி, அங்கே இருக்கும் சிமெண்ட் இணைப்பையும் தின்னும்.

இணைப்பில் பழைய வெள்ளைப் புட்டி இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டி, கையுறை போட்டு, சுரண்டியதைக் காகிதத்தில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பொருத்தும்போது சோப்புத் தண்ணீர் தடவிச் செருகுங்கள். தேங்காய் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி, தளர்ந்துவிடும். பைப் நேராக நுழைய வேண்டும். சாய்ந்து நுழைந்தால் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் வாய் பிளக்கும். பைப் முனை பீங்கானின் உட்சுவரில் முட்டக் கூடாது, அரை சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். முட்டினால் தண்ணீரின் வேகம் குறையும், அசைவும் நேரே பீங்கானுக்குப் போகும். கிளிப் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். திருப்புளியால் கையிறுக்கம் போதும்.

பேனின் பின்வாய் பல வீடுகளில் மேடைக்குள் புதைந்திருக்கும். முக்கால் அடி சதுரத்துக்குப் பிளக்க வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் அந்தக் குழியைக் கான்கிரீட்டால் அடைத்தால் திரும்பவும் பழைய கதைதான். மணல் நிரப்பி, மேலே ஒரு டைலையோ கடப்பாக் கல்லையோ ஓரம் மட்டும் பூசி வையுங்கள். நாளைக்குத் திறந்து பார்க்க முடியும். மூடும்முன் பத்து முறை ஃப்ளஷ் செய்து, செய்தித்தாள் சுற்றி உலர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

மறைசெலவு துரு. ஜி.ஐ. பைப்பின் முனை குழி குழியாக அரித்திருந்தால் எந்தக் கோனும் அடைக்காது. பைப்பை முழுதாக மாற்ற வேண்டும். அதையும் சேர்த்தாலும் ஒரு பிளம்பருக்கு ஒரு நாள் கூலி. இரவு கழிப்பறை கிடைத்துவிடும்.

## வழி 3: தொட்டி, பைப் இரண்டையும் மாற்றுவது

தொட்டியும் ஒழுகுகிறது, மிதவை நிற்பதில்லை, மணி வடிவ உள்பாகம் தேய்ந்து தண்ணீர் ஓயாமல் பேனில் வடிகிறது என்றால் இதைக் கணக்கில் எடுக்கலாம். ஓயாத வடிதலே கீழ் இணைப்பை எப்போதும் ஈரமாக வைத்திருக்கும் என்பதால் இரண்டு பழுதும் ஒன்றாகவே தெரியும்.

கேள்வி, மேலேயே புதிய பிளாஸ்டிக் தொட்டியா அல்லது தாழ்வான தொட்டியா என்பது. உயரத்தொட்டிக்கு 32 மி.மீ. பைப் போதும், உயரமே வேகத்தைக் கொடுக்கும். தொட்டியை இறக்கினால் வேகம் போய்விடும், அதை ஈடுகட்ட 40 மி.மீ. அளவுப் பைப் வேண்டும். பழைய 32 பைப்பையே வெட்டித் தாழ்தொட்டியில் மாட்டுவது தவறான சிக்கனம். 3/6 லிட்டர் இரட்டைப் பொத்தான் தொட்டியை, பழைய நீளமான பேனில் வைத்தால் ஒரு முறையில் சுத்தமாகாமல் இரண்டு முறை அழுத்த வேண்டிவரலாம். மிச்சம் பிடித்த தண்ணீர் அங்கே போய்விடும். பழைய பேனை வைத்துக்கொள்வதானால் 10 லிட்டர் உயரத்தொட்டியை ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குவதே எங்கள் பரிந்துரை.

வார்ப்பிரும்புத் தொட்டியை இறக்க இரண்டு ஆள் வேண்டும். அதன் பிராக்கெட் சுண்ணாம்புச் சுவரில் புதைந்திருந்தால் பிடுங்கும்போது பூச்சு பெரிய பெரிய பத்தையாக வரும். வெட்டிவிட்டுத் துருவின்மேல் பெயிண்ட் அடிப்பது மேல். தொட்டியைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் கூலியில் ஒரு பகுதி திரும்பும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். புதுத் தொட்டி வைத்தாலும் கீழ் இணைப்பு கோன்தான். அதைச் சிமெண்டில் முடிக்க வரும் ஆளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

## வழி 4: பேனைப் பெயர்த்து மறுபடி பதிப்பது

வாளிச் சோதனையில் ஈரம் குறையவில்லை, குளியல் தரையும் சுவர்க்குழாயும் காரணமில்லை. அல்லது பேனின் வாய் உடைந்துவிட்டது. அல்லது பேனே ஆடுகிறது. இந்த நிலைகளில் வேறு வழி கிடையாது. ட்ராப் இணைப்பை மேலிருந்து சரிசெய்யும் எந்தப் பொடியும் திரவமும் நிலைக்காது. வாரந்தவறாமல் ஆசிட் ஊற்றிக் கழுவும் வீடுகளில் இந்தச் சிமெண்ட் இணைப்பு அரித்துப் போயிருப்பது சகஜம்.

பழைய பேன் முழுசாக வெளியே வரும் என்று நம்ப வேண்டாம், புதிதுக்குக் காசு ஒதுக்கிவிடுங்கள். கொத்தனார், சித்தாள், பிளம்பர் மூவரும் வேண்டும். உடைப்பு, பதிப்பு, சோதனை, டைல் என்று ஐந்திலிருந்து ஏழு நாள் கழிப்பறை இருக்காது.

தவறுவது பெரும்பாலும் நான்கு இடங்களில். பேன் ட்ராப்பில் உட்காரும் இடத்தில் சணல் கயிற்றைச் சுற்றி இறுக்கித் தள்ளாமல் வெறும் சிமெண்டை அப்புவது. சணலுக்கு மேல்தான் 1:1 சிமெண்ட்–மணல் கலவை. பி.வி.சி. ட்ராப்பின் வழவழப்பான மேற்பரப்பில் சிமெண்ட் பிடிக்காது என்பதை மறப்பது. சால்வென்ட் பசை தடவி, உலருமுன் மணல் தூவி, காய்ந்தபின் பூசினால் பிடிக்கும். பேனுக்கு அடியில் வெற்றிடம் விடுவது. மேலே ஆள் உட்கார உட்கார இணைப்பு விரியும். எல்லாவற்றையும்விட மோசம், தண்ணீர் கட்டிச் சோதிக்காமல் ஜல்லி நிரப்பி மூடிவிடுவது. சங்கன் ஸ்லாப்பில் வாட்டர் ப்ரூஃபிங் முடித்ததும் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், தண்ணீர் கட்டிக் கீழே போய்ப் பாருங்கள்.

வெளிக்குழாய் வார்ப்பிரும்பாக இருந்தால் அதன் இணைப்பில் சணலும் ஈயமும் இருக்கும். ஓரத்தில் கசிவு மட்டும் என்றால், ஈயத்தை உளிபோன்ற மழுங்கிய கருவியால் சுற்றிலும் தட்டி இறுக்கினாலே நிற்கும். ஈயம் உருக்கி ஊற்றுவது தெரிந்த ஆளின் வேலை; ஈரமான இணைப்பில் ஊற்றினால் உருகிய ஈயம் முகத்துக்குத் தெறிக்கும். சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் குழாய் என்றால் கிரைண்டரால் உலர்வாக அறுக்கவே கூடாது.

## ஒரு பார்வையில்

| | பூச்சு | ரப்பர் கோன் | புதுத் தொட்டி, பைப் | பேன் மறுபதிப்பு |
|---|---|---|---|---|
| எந்த ஒழுகலுக்கு | அசையாத விரிசல், அவசரம் | பைப்–பேன் இணைப்பு | தொட்டியும் பழுது | ட்ராப், உடைந்த பேன் |
| உடைப்பு | இல்லை | சிறு குழி | சுவரில், கீழே சிறு குழி | முழுத் தரை |
| கழிப்பறை இல்லாத காலம் | 1–2 நாள் | அரை நாள் முதல் 1 நாள் | 1–2 நாள் | 5–7 நாள் |
| ஆள் | நீங்களே | பிளம்பர் | பிளம்பர், உதவியாள் | மூவர் |
| மறைசெலவு | அடுத்த முறை பேன் வாய் உடையலாம் | அரித்த பைப் | வேகம் குறைதல், சுவர்ப் பூச்சு | டைல் பொருந்தாமை, வாட்டர் ப்ரூஃபிங் |
| அடுத்த பழுது | கடினமாகும் | சுலபம் | சுலபம் | மீண்டும் உடைப்பு |

## எந்த வீட்டுக்கு எது

சொந்த வீடு, ஒழுகல் பைப்–பேன் இணைப்பில், பேன் வாய் நன்றாக இருக்கிறது: கோன். யோசிக்க ஒன்றுமில்லை.

கீழே வேறு குடும்பம் இருக்கும் மாடி வீடு, வாளிச் சோதனையிலும் ஈரம் நிற்கவில்லை: மற்ற காரணங்களை விலக்கிவிட்டு நேராக நான்காவது வழி. முதலில் பூசிப் பார்ப்போம் என்றால் பூச்சுச் செலவோடு கீழ்வீட்டுச் சீலிங் செலவும் சேரும்.

இன்னும் ஓரிரு ஆண்டில் இடிக்கப் போகும் வீடு, அல்லது மாற்ற அனுமதி இல்லாத வாடகை வீடு: ஐந்தாவது வழி ஒன்று உண்டு. தொட்டியை நிரந்தரமாக அடைத்து, பைப்பைக் கழற்றி, பேன் வாயை ஒரு ரப்பர் அடைப்பானால் மூடிவிட்டு, வாளியில் ஊற்றிக்கொள்வது. ஃப்ளஷ் பக்க ஒழுகல் அன்றே நிற்கும். நம் ஊரில் பல வீடுகளில் தொட்டி இருந்தும் வாளிதான் ஓடுகிறது. முழங்கால் வலியுள்ளவர்கள் வாளி தூக்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் பாருங்கள்.

அடுத்த ஆண்டு எப்படியும் வெஸ்டர்ன் வைக்கப் போகிறீர்கள் என்றால் இப்போது மூன்றாவது வழியில் காசு போடாதீர்கள். கோன் போட்டு ஓட்டுங்கள், பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகப் பெயர்க்கலாம்.

எந்த வேலை செய்தாலும், ஜல்லிக்குள் தங்கிய தண்ணீர் வடிந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். மறுநாள் சீலிங் ஈரமாக இருக்கிறதே என்று பிளம்பரைத் திட்ட வேண்டாம். கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். வாரம் ஒரு முறை பாருங்கள். கோட்டைத் தாண்டிப் பரவவில்லை, நடுவில் வெளுத்து வருகிறது என்றால் வேலை பலித்தது. முழுக்க உலர்ந்து, உப்புப் பூத்ததைச் சுரண்டிய பிறகே கீழே பெயிண்ட் அடியுங்கள்.